ஜாடி இமானுவேலும் அல்லிப்பூக் கற்களும்

காமயகவுண்டன்பட்டியில் இமானுவேல் வீடு எது என்று விசாரித்தால், எந்த இமானுவேல் என்று திருப்பிக் கேட்பார்கள். மாதா கோயில் தெருவில் மட்டும் அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஜாடி இமானுவேல் என்று சொன்னால் போதும், கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள்.

இமானுவேல் ஜீப் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக மலையேறி, கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டத்தில் வேலைக்கு இறக்கிவிடுவார். சாயங்காலம் அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். கல்யாணத்துக்கு முந்தியே பிடித்த ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை. மற்ற வீடுகளில் டிவியும் எவர்சில்வர் பாத்திரமும் இருக்கும் சுவரில் இவர் பலகை அடித்து, மேலிருந்து கீழ் வரை பீங்கான் சாமான்களாக அடுக்கியிருக்கிறார். இலை வடிவத்தில் வார்த்த பச்சைத் தட்டுகள். மக்காச்சோளக் கதிர் போலவே மணி மணியாகச் செய்த ஒரு கூஜா. நீல மெருகின் மேல் பழுப்பு மெருகு வழிந்து வந்து பாதியில் நின்றுபோன ஒரு பூஜாடி. எல்லாம் விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்துச் சூளைகளில் வெந்து, கப்பலில் வந்து, தோட்டத்துத் துரைமார்களின் பங்களாக்களுக்காக மலையேறியவை.

அவர் இதில் இறங்கியதற்குக் காரணம், பகல் முழுக்கச் சும்மா கிடந்ததுதான். தோட்டத்து ஜீப் டிரைவருக்குக் காலையில் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை. நடுவில் தூங்கலாம், இல்லையென்றால் சீட்டாடலாம். இமானுவேல் சீட்டாடினார். அதனால் வீட்டில் அவருக்கும் அனிதா மேரிக்கும் சண்டை இல்லாத வாரம் கிடையாது. அனிதா மேரி ஊர்ப் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். கோபம் வந்தால் கத்த மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். இமானுவேலுக்கு அதைத்தான் தாங்க முடியாது.

ஒருநாள் மழை சீட்டுக்கட்டைக் கலைத்துவிட்டது. ஒதுங்குவதற்குத் தோட்டத்துப் பழைய பங்களாவின் பின்பக்கம் ஓடினார். அங்கே சமையலறைக் குப்பையைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய ஒரு பள்ளம் உண்டு. மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போன இடத்தில் நீலமாக ஏதோ பளிச்சென்று தெரிந்தது. தோண்டி எடுத்தால், ஒரு தட்டின் பாதி. அதில் ஒரு மீன், செதில் செதிலாகக் கைக்குத் தட்டுப்பட்டது. "அந்த நீலத்த நான் அதுக்கு முன்னாடி எங்கனயும் பாத்ததில்ல" என்று இப்போதும் சொல்வார். பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்த பேபிச்சன் என்ற மலையாளத்துக்காரர், அது வேண்டாமென்று வீசியதுதான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார். அன்றிலிருந்து இமானுவேலின் பகல்பொழுது அந்தப் பள்ளத்தில் கழிந்தது.

ஜீப்பில் வந்த பெண்களுக்கு இது நல்ல வேடிக்கை. அவர்களில் மூத்தவர் மொக்கம்மாள். அறுபதை ஒட்டிய வயது, யாருக்கும் பயப்படாத வாய்.

"ஏப்பா இமானுவேலு, வீட்டுல தட்டுல சோறு போட மாட்டேங்குதா டீச்சரு? ஒடஞ்ச தட்டாப் பொறுக்கிக்கிட்டுத் திரியிற."

"இல்லக்கா, சும்மா பாக்க நல்லாருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். அதுல என்னத்த வச்சுத் திங்கிறது?"

அதே மொக்கம்மாள் ஒரு சாயங்காலம் தலைத்துண்டில் எதையோ சுருட்டி எடுத்து வந்து ஜீப்பின் முன்சீட்டில் வைத்தார். புதுசாக ஏலம் நடக் குழி தோண்டியிருக்கிறார்கள். "மம்பட்டி டங்குன்னுச்சு. கல்லுன்னு நெனச்சேன். கல்லுக்கு எங்கனப்பா கைப்பிடி இருக்கும்?" துண்டைப் பிரித்தால் மண் அடைத்துக் கிடந்த சின்னக் கூஜா. ஒரு கீறல்கூட இல்லை. இமானுவேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். "நாளைக்கி மெட்டுல ஒரு டீ வாங்கிக் குடு. வடையும் சேத்து" என்று சொல்லிவிட்டு மொக்கம்மாள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் ஜீப்பில் வரும் பெண்கள் எல்லாருமே அவருக்குக் கண்ணாகிவிட்டார்கள். மாட்டுக்கொட்டிலில் உப்பு வைத்திருக்கும் ஜாடியில் திராட்சைக்கொடி படம் இருக்கிறது, இன்னொரு தோட்டத்தில் நாய் தண்ணீர் குடிக்கும் கிண்ணம் உள்ளே ரோஸ் நிறமாக இருக்கிறது என்று தினமும் ஏதாவது தகவல் வரும். இமானுவேல் போய் உடையவர்களைக் கேட்பார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வருவார்.

அனிதா மேரி முதலில் இதை நம்பவில்லை. சீட்டை விட்டுவிட்டுக் குப்பையைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்றுதான் நினைத்தார். ஒரு தட்டைக் கழுவும்போது அடியில் சாய்சதுரமாக ஒரு முத்திரை, மூலைக்கு ஒரு எழுத்தும் எண்ணுமாக இருப்பதைப் பார்த்தவர் அவர்தான். போனில் படம் எடுத்து, பழம்பொருள் சேர்க்கிறவர்கள் இருக்கும் ஒரு குழுவில் போட்டார். மதுரையிலிருந்து வைகுண்டராஜ் என்பவர் பதில் போட்டார். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பல வருஷமாகப் பீங்கான் சேர்க்கிறவர். அந்த வடிவத்தை எந்த வருஷம் இங்கிலாந்தில் பதிவு செய்தார்கள் என்பதை அந்த எழுத்துகளை வைத்தே சொல்லிவிடலாம் என்று, படிக்கும் விதத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து சாப்பாடு முடிந்ததும் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். சீட்டும் சண்டையும் ஒழிந்ததற்கே அந்த ஜாடிகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று அனிதா மேரி என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இனிமேல் சொல்லப்போவது நடந்து மூன்று வருஷம் இருக்கும். தோட்டத்துப் பங்களா கைமாறியது. வாங்கியவர்கள் அதைத் தங்கும் விடுதியாக மாற்ற முடிவு செய்தார்கள். அந்தப் பங்களாவின் பெரிய அறையில், குளிர்காய்வதற்காகச் சுவரில் கட்டிய ஒரு கணப்படுப்பு உண்டு. அதன் இரண்டு பக்கமும் மேல்நெற்றியிலும் மெருகேற்றிய பீங்கான் கற்கள், இப்போது டைல்ஸ் என்கிறோமே அது, பதித்திருந்தார்கள். கல் முழுக்க அல்லி. பச்சை இலை தண்ணீரில் படிந்து கிடக்க, வெளிர் ரோஸ் பூ மட்டும் மேலே புடைத்து நிற்கும். இமானுவேல் ஜன்னல் வழியாக எத்தனையோ வருஷம் பார்த்து நின்றது அது.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் பேபிச்சன் ஜீப்பைத் தேடி வந்தார். "நாளை இதொக்கே பொளிக்கும் கேட்டோ. அந்தப் பூக்கல்லும் போகும்." பொளிப்பது என்றால் இடித்துத் தள்ளுவது. இமானுவேல் ஓடிப்போய் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "எடுத்துக்கச் சொல்றாரு. ஆனா காலையில நாங்க சம்மட்டியத் தூக்கிருவோம். அதுக்குள்ள எடுக்குறது ஒங்க பாடு" என்றார்.

ஸ்குரூ டிரைவரும் டயர் கழற்றும் கம்பியும் கொண்டு போனார். முதல் கல்லை நெம்பியதும் மூன்றாக உடைந்தது. இரண்டாவது குறுக்கே விரிந்தது. அதற்கு மேல் கையை வைக்கத் தைரியம் வரவில்லை. கணப்படுப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வேலை விட்டு வந்த பெண்கள் ஜீப்பில் டிரைவரைக் காணாமல் தேடிக்கொண்டு பங்களாவுக்கு வந்தார்கள். மொக்கம்மாள் குனிந்து உடைந்த கற்களைப் பார்த்தார், சுவரையும் பார்த்தார்.

"இப்பிடி நெம்புனா ஒடையத்தான் செய்யும். பூராம் சுண்ணாம்புக் காரை. தண்ணியத் தெளிச்சு ஊற வச்சு, சுத்திச் சொரண்டி எடுத்தா கல்லு தானா வந்துட்டுப் போகுது."

"நேரமாகுமேக்கா. வீட்டுல தேடுவாக" என்றார் இமானுவேல்.

"தேடட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. களைக்கொத்தும் கையுமாக உட்கார்ந்தார்கள். ஏலச் சரம் நோகாமல் காய் பறித்துப் பழகிய விரல்கள் அவை. ஒருத்தி சுரண்ட, ஒருத்தி கல்லுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு கல்லும் கழன்று கையில் விழும்போது யாரோ ஒருத்தர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. இடையில் மாயக்காள் என்ற இளம்பெண்ணுக்கு வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது, வண்டி பஞ்சரா என்று. "வண்டிக்கு ஒண்ணும் இல்லங்க. இங்கன பூப் பறிச்சுக்கிட்டிருக்கோம்" என்று அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அடுப்பின் மேல்நெற்றியில் இருந்த கல் ஒன்று மொக்கம்மாளின் கையிலேயே விரிந்துவிட்டது. இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த வாய் மூடி இருந்ததை இமானுவேல் அன்றுதான் பார்த்தார்.

"யக்கா, ஒனக்கு முன்னாடியே நான் ரெண்ட ஒடச்சுட்டேன்."

"நீ ஒடச்சா ஒன் சாமான். நான் ஒடச்சது அப்பிடியா?"

"எல்லாம் நம்ம சாமாந்தேன். எந்திரி, இன்னும் கெடக்கு."

பொழுது அடைகிற நேரத்தில் சுவர் வெறுமையாகிவிட்டது. மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளிலும் சாக்கிலும் கற்களைச் சுற்றி, ஆளுக்குக் கொஞ்சமாக மடியில் வைத்துக்கொண்டார்கள். கம்பம் மெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இமானுவேல் அத்தனை மெதுவாக ஓட்டியதில்லை. மற்ற நாளில் பின்னால் ஒரே இரைச்சலாக இருக்கும். அன்றைக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, கைப்பிள்ளையைத் தூங்க வைத்துக் கொண்டுவருகிற மாதிரி. அனிதா மேரி வாசலில் நின்று ஒவ்வொருவர் மடியிலிருந்தும் கல்லை வாங்கி உள்ளே வைத்தார். எல்லாருக்கும் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு, நாளைக்கு வேலை இருக்கிறது என்று கலைந்து போனார்கள். கூடுதல் நேரத்துக்கு ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை.

வைகுண்டராஜ் அந்த ஞாயிற்றுக்கிழமையே மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கழுவி வைத்திருந்த கற்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இப்படி ஒரே அடுப்பின் கற்கள் சேர்ந்து கிடைப்பது அபூர்வம், மரச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள் என்றார். இமானுவேல் தலையாட்டினார். ஆனால் அவருக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பெண்களுக்கு என்ன செய்வது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சேலை கிறிஸ்துமஸுக்கு எப்போதும் எடுத்துக் கொடுப்பதுதான்.

மார்கழியில் ஒரு காலை டயர் பஞ்சராகி ஜீப் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பெண்கள் வண்டிக்கு நிற்பது மாதா கோயில் மதில் ஓரம். அங்கே உட்கார ஒன்றும் கிடையாது. பனியில் நனைந்த மண்ணில் குத்துக்காலிட்டு இருந்தார்கள். ஜீப் வெளிச்சம் விழுந்ததும் எழுந்தார்கள். மொக்கம்மாள் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் இருந்தார், இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். அன்று மலையேறும்போதே இமானுவேல் முடிவு செய்துவிட்டார்.

"அங்கன ஒரு பெஞ்சு கட்டணும் அனிதா. சாயுற எடத்துல அந்தக் கல்லப் பதிக்கணும்."

அனிதா மேரி அடுக்கியிருந்த கற்களைத் திரும்பிப் பார்த்தார். "ஆடு மாடு ஒரசும். பிள்ளைக பந்தடிக்கும்" என்றார்.

"ஒரசட்டும். அவுக எடுத்துக் குடுத்தது. அவுக முதுகுக்குப் பின்னால இருக்கட்டும்."

இமானுவேல் வைகுண்டராஜிடம் போனில் விஷயத்தைச் சொன்னார். அவர் தடுக்கவில்லை: "சிமெண்டு மட்டும் வேண்டாம். பழையபடி சுண்ணாம்புலயே பதிங்க. என்னைக்காவது எடுக்கணும்னா உடையாம எடுத்துரலாம். மேல ஒரு தகரம் போட்டுருங்க, வெயிலும் மழையும் நேரா படக் கூடாது." சொன்னதோடு நிற்காமல், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடித்து அழைத்தும் வந்தார். கோயில் பாதிரியாரான பங்குச்சாமி மதிலோரம் கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். உடைந்த கற்களை மட்டும் இமானுவேல் பசை போட்டு ஒட்டித் தன் வீட்டுப் பலகையில் வைத்துக்கொண்டார். விரிசல்கள் வெளியே தெரியும்படிதான் இருக்கின்றன.

பொங்கலுக்கு முன்னால் பெஞ்சு தயாரானது. முதல் நாள் காலையில் பெண்கள் வந்து பார்த்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தரும் உட்காரவில்லை.

"ஒக்காருங்க" என்றார் இமானுவேல்.

"இதுல எப்பிடிப்பா சாயுறது? பூவு கசங்கிராது?" என்றார் மொக்கம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டுவிட்டு அவர் இமானுவேலின் கையைப் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

கொஞ்ச நாள் துண்டை மடித்து முதுகுக்குக் கொடுத்துத்தான் சாய்ந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. இப்போது கம்பத்துக்கு டவுன் பஸ் ஏறுகிறவர்களும் அதில்தான் உட்காருகிறார்கள். ஒரு ஓரக்கல்லில் மட்டும் லேசாக மெருகு உதிர்ந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் இமானுவேல், "ஜனங்க இருக்குற எடம்னா அப்பிடித்தேன்" என்பார்.

போன வாரம் நான் முதல் பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்தேன். பெண்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் நாத்தனார் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீப் வந்து நின்றது. இமானுவேல் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவரும் கேட்க ஆரம்பித்தார். கதை முடிந்ததும் மொக்கம்மாள் பெஞ்சில் கையை ஊன்றித் தானே எழுந்தார்.

"கெளம்புப்பா, நேரமாச்சு" என்றபடி போய் வண்டியில் ஏறினார்.