காயாத படம்

லெனாட் ஒரு நாளும் இருந்து தேத்தண்ணி குடித்ததில்லை. கலியாணமாகிப் பதினேழு வருசமாக வசந்தினி பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோப்பை கைக்கு வந்தால் நடக்கத் தொடங்கிவிடுவான். ஆறிப்போன கோப்பைகளை மதிலிலிருந்தும் சைக்கிள் கரியரிலிருந்தும் அவள்தான் பொறுக்குவாள். ஒருமுறை தூரிகையைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துவிட்டு, அதையே குடிக்கவும் போனான்.

குருநகரில் வலை இழுத்த குடும்பம். அதில் முதன்முதல் கம்பஸ் போனவன் அவன். போய்ப் படித்தது ஓவியம். "கடலிலை நிக்கிற நாரையைத் துணியிலை நிப்பாட்டவோ நாலு வருசம்?" என்று மாமன்மார் இன்றைக்கும் கேட்பார்கள். ஆனால் பண்ணைக் கடலில் இறங்கும் பூநாரைகளும், நெடுந்தீவுக் குதிரைகளும், மண்டைதீவுக் கரையும் அவன் கைக்கு இலேசாக வந்தன. ஹோட்டல்காரர் வாங்கினார்கள். ஆட்களைப் படமாகக் கீறத்தான் பயம். முகம் பிசகினால் குதிரை வந்து கேட்காது என்பான்.

மூன்று வருசத்துக்கு முந்திய மாரியில் பக்கத்து வீட்டுச் சிமியோன் கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மனைவி லூர்த்தம்மாவிடம் இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் சிமியோன் பொலிசைக் கண்டவர் மாதிரி விறைத்துப்போயிருந்தார்.

"முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு படம் கீறித் தா, ராசா. சவக்காலையிலை போய் அழ எனக்கொரு கல்லறையில்லை. அந்த முகமாவது வேணும். அவர் சிரிக்கிற மாதிரி."

"ஓம் அக்கா."

சிமியோனின் சிரிப்பு இடப்பக்கம் சரியும். லெனாட் கீறினான், சுரண்டினான், திரும்பக் கீறினான். படத்தின் வாயில் எண்ணெய்ப் பெயின்ற் தடித்துக்கொண்டே போனது. முப்பதாம் நாள் பின்னேரம், எப்படியென்று தெரியாமல், சிரிப்பு வந்துவிட்டது. வெளியே மழை விட்டபாடில்லை.

"உது நாளைக்குள்ளை காயுமோ?" வசந்தினி கேட்டாள்.

"ஒரு மாசம் செல்லும்."

"அப்ப அக்காட்டைச் சொல்லுங்கோ, ஒருத்தரையும் தொட விடவேண்டாமெண்டு."

"ஓம், ஓம்."

சொல்லவில்லை. காயாத படத்தைக் கொடுக்கிறேன் என்று சொல்ல வெட்கம். விடியக் கொண்டுபோய்த் தேவாலயப் பீடத்தடியில் கதிரையில் சாத்தி வைத்துவிட்டு, பின்வாசலில் போய் நின்றான். லூர்த்தம்மா கிட்ட வந்து பார்த்தாள். "ஐயோ, சிரிக்கிறார்," என்று வாயைப் பொத்தினாள்.

அவளுடைய தம்பி ஜெறோம், மாலையில்லாமல் என்ன படம் என்று, மல்லிகை மாலையை இரண்டாக மடித்துப் போட்டான். ஒரு மடிப்பு நேரே சிமியோனின் வாயில் படிந்தது. லெனாட் பின்னாலிருந்து கையைத் தூக்கினான். அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது.

பூசை முடிந்து மாலையை எடுத்தபோது பாதிப் பூ படத்திலேயே நின்றது. ஜெறோமின் விரலெல்லாம் உதட்டு நிறம்.

"என்னண்ணை, காயாத பச்சைப் படத்தையோ கொண்டந்தனீங்கள்? நாரை கீறுறவரிட்டை ஆளைக் குடுத்தது எங்கடை பிழை."

"ஒரு கிழமையிலை சரிப்பண்ணித் தாறன்," என்று லெனாட் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பூவைப் பிடுங்கினால் சிரிப்பும் சேர்ந்து வரும். புதிதாகக் கீறினால் அடையாள அட்டை முகம்தான் வருகிறது. இந்த மூன்று வருசமும் காலையில் படத்துக்கு முன்னால் நிற்பான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைக் கடலுக்குப் போய்விடுவான். வீட்டில் நாரைகள் கூடிக்கொண்டே போயின.

போன கிழமை அவன் இல்லாத நேரம் லூர்த்தம்மா வந்தாள். "பூவோடையே தரச் சொல்லு பிள்ளை. பூ கறுத்திருந்தாலும் பரவாயில்லை."

படம் உள்ளறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வசந்தினி எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் லெனாட் இனி ஒரு முகத்தையும் தொடமாட்டான் என்று பட்டது. கொடுக்காமல் விட, அவள் யார்? "அவர் வரட்டும் அக்கா," என்று மட்டும் சொன்னாள்.

வந்தவனிடம் சொன்னாள்.

"இன்னுமொரு கிழமை பொறுக்கச் சொல்லு," என்றான் லெனாட்.

நேற்றோடு அந்தக் கிழமையும் முடிந்தது. லூர்த்தம்மா வீட்டுச் சுவரில் இன்னும் அந்த அடையாள அட்டைப் படம்தான்.