பத்து அத்தியாய மௌனம்

மலேசியாவில், கூலிம் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துதான் என் துப்பறியும் நாவலை எழுதினேன். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் காணாமல் போகிறார். அவர் யாரோடு போனார் என்பதைப் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி பார்த்துவிடுகிறாள். ஆனால் பத்து அத்தியாயம் வரை வாயைத் திறக்கமாட்டாள்.

என்னோடு வேலை செய்யும் அக்காதான் முதல் வாசகி. கைப்பேசியிலேயே முழுவதையும் படித்துவிட்டு, பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அவ ஏன் சொல்லல?”

“பயம், அக்கா.”

“யாருக்குப் பயம்? ஆறாவது அத்தியாயத்துல வேலை வாங்குற மண்டோரையே எதுத்துப் பேசறா. அவ சொல்லிட்டா உன் கதை முடிஞ்சிரும். அதான் அவ வாயப் பொத்தி வச்சிருக்க. வேற ஒண்ணும் இல்ல லா.”

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாகவே வந்தது.

அடுத்த வாரம், தொழிற்சாலையில் உடைந்த பாகங்களோடு ஒரு தட்டு அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. யாரோ கீழே போட்டு மறைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த இடத்துக்கு அருகில் வேலை பார்த்த அக்கா, “எனக்குத் தெரியாது” என்றார். சந்தேகம் அவர் மேலேயே விழுந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாம் நாள், புதிதாகச் சேர்ந்த பெண் தானே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அன்று சாயங்காலம்தான் அக்கா பேசினார்.

“அந்தப் பொண்ணு தட்டோட மயங்கி விழுந்துட்டா, நான் பாத்தேன். மூணு மாசம். முன்னாடி ரெண்டு தடவ கலஞ்சிருச்சாம். அதனால புருஷன்கிட்டகூடச் சொல்லல. தட்டப் பத்திச் சொன்னா அவ ஏன் விழுந்தான்னு கேப்பாங்க. அத நான் எப்படிச் சொல்றது? அது அவளோட விஷயம்.”

“என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்.”

“நீ எழுதறவளாச்சே!” என்று சிரித்தார்.

கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பெண்ணுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்து அத்தியாயங்களையும் அழித்தேன். மனம் வரவில்லை, ஆனாலும் அழித்தேன். புதுக் கதையில் கிராணியோடு போனவள் பால்மரம் வெட்டும் பெண்ணின் தங்கை. தங்கை பத்திரமாக வேறு ஊர் போய்ச் சேரும்வரை அவள் வாயைத் திறக்கமாட்டாள். சேர்ந்த மறுநாளே, யாரும் கேட்காமல், தானே போய்ச் சொல்லிவிடுகிறாள். தங்கை அந்த ஊரில் இருக்கிறாள், ஆனால் கூடப் போன கிராணியைத்தான் காணவில்லை.

ரகசியம் நாலாவது அத்தியாயத்திலேயே வெளியே வந்துவிட்டது. அதற்கு மேல் கதையை நகர்த்துவது கஷ்டம்தான். ஏழாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.