புளி போட்டுத் துலக்கிய கம்பித் தட்டு

எனக்குக் கல்யாணமான வருஷம் அது. ரெட்டியார்பாளையத்திலிருந்து டவுனுக்கு வாழவந்து மூணு மாசம்கூட ஆகவில்லை. மாமியார் ஒரு பிரெஞ்சுக்கார மிசியே வீட்டுக் குசினியில் சமையல் வேலை பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை, மாமியார் கையை நம்பித்தான் எங்கள் உலை கொதித்தது. கூடமாட ஒத்தாசைக்கு என்னையும் கூட்டிப்போவார். யாராவது பேச வந்தால் நான் சுவரைப் பார்த்து நின்றுகொள்வேன்.

மிசியேவிடம் கறி சுடுகிற இரும்புக் கம்பித் தட்டு ஒன்று இருந்தது. அவர் ஊரிலிருந்து கப்பலில் வந்தது. தோட்டத்தில் செங்கல் அடுக்கி, கரி மூட்டி, அவரே சுடுவார். ஈஸ்டருக்கு விருந்தாளிகள் வருவார்கள், ஆட்டுத்தொடை உண்டு. தட்டைப் பாழாக்கினதற்காகவே முன்னே இருந்த சமையல்காரரை நிறுத்திவிட்டார் என்று மாமியார் சொல்லியிருக்கிறார்.

சுட்டு முடித்ததும் சூட்டோடு சுரண்டி, பன்றிக்கொழுப்பு தடவி, சாக்கில் சுற்றி வைக்கவேண்டும். அதுதான் மிசியே சொன்ன முறை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் பிறக்கப் போகிறதே. நாற்பது நாளும் மாமியாருக்குச் சுத்தபோசனம், கவுச்சியே ஆகாது. கொழுப்பு பூசின சாமானை அந்த நாளில் வைத்திருக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. தபசு பிறக்கிற சாம்பல் புதனுக்கு முந்தின நாளே புளியும் செங்கல்தூளும் போட்டு, பித்தளைக் குடம் துலக்குகிற மாதிரி துலக்கினார். கம்பி பளபளவென்று ஆயிற்று. ஒன்றும் தடவாமல் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டார். கடலோ கூப்பிடு தூரம்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் சாக்கை அவிழ்த்தால், செம்மண் பூசின மாதிரி துரு.

மாமியார் மறுபடி புளியை எடுத்தார். தேய்த்தால் போகிறது, காய்வதற்குள் மஞ்சளாகத் திரும்பி வருகிறது. மிசியே பூசைக்குப் போயிருந்தார். துக்கத்துக்காக வியாழக்கிழமையிலிருந்து ஊமையாகக் கிடந்த கோயில் மணி அடித்துவிட்டால், பூசை முடிய அதிக நேரம் இல்லை. வந்ததும் தட்டைத்தான் கேட்பார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. தண்ணீர் இறைத்தேன், ஊற்றினேன், மறுபடி இறைத்தேன். தோசைக்கல் துருப்பிடித்தால் யாராவது புளி போடுவார்களா? மாமியாருக்குத் தெரியாததா? மிசியே வீட்டுச் சாமான் என்ற பயத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. நேற்று வந்த மருமகள் நான் எப்படிச் சொல்வேன்? நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன்.

மணி அடித்தது.

"அத்த, இது தோசக்கல்லு மாதிரிதான அத்த. கம்பியா இருக்குது, அவ்வளவுதான்."

மாமியார் கை நின்றது. "இத்தினி நேரம் வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

ஓடிப்போய்க் கரி மூட்டினோம். தட்டு சூடேறியதும், வெங்காயத்தைப் பாதியாக அரிந்து நல்லெண்ணெயில் தோய்த்துக் கம்பி கம்பியாகத் தேய்த்தேன். முதலில் வெங்காயம் சிவப்பாக வந்தது. மறுபடி மறுபடி தேய்க்க, கம்பி கறுக்க ஆரம்பித்தது. ஒரு மூலை மட்டும் பிடிவாதமாகச் சிவந்தே இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மிசியே வந்துவிட்டார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்றைக்கே எதற்கு நெருப்பு என்று கேட்டார். நாளைக்குக் கறி ஒட்டாமல் இருக்கத்தான் என்றார் மாமியார். மிசியே குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அதனால் நிம்மதியா வந்தது? நாளைக்கு ஒட்டிக்கொண்டால்?

ஞாயிற்றுக்கிழமை குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கறி சீறுகிற சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் கேட்டது, ஒன்றும் விளங்கவில்லை. முந்தானையை முறுக்கி முறுக்கிக் கசக்கிவிட்டேன். மாமியார் காலித் தட்டுகளோடு வந்தார்.

"ஒட்டல" என்றார்.

அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

அடுத்த தபசு வந்தபோது, தட்டைச் சூட்டோடு சுரண்டி, நல்லெண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "கவுச்சி இல்ல. நீயே தடவு." தடவி, சாக்கில் சுற்றி, முடிச்சுப் போட்டேன். அப்படியும் மனசு கேட்காமல், அவர் அசந்த நேரம் கொட்டகைக்குப் போய் அவிழ்த்துப் பார்ப்பேன். சில நாள் நான் போகும்போது, முடிச்சு நான் போட்ட மாதிரி இருக்காது, மாமியார் போடுகிற மாதிரி இருக்கும்.