நடக்காதவளின் ஷூ

செருப்பின் அடியைப் புரட்டிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவான் என்று அவனுக்கு ஒரு பெயர் உண்டு. ரயில் நிலையத்து மேம்பாலப் படிகளுக்கு அடியில் அவனுடைய கடை. ஓர் ஆளும் ஒரு ஸ்டூலும் தையல் இயந்திரமும் நெருக்கியடித்துக்கொண்டு அடங்கும் இடம். யார் ஜோடியை நீட்டினாலும் முதலில் அடியைப் பார்ப்பான். பிய்ந்த வார் அப்புறம்தான். "எப்பவும் இடது தோள்லயே பை மாட்டுறீங்க சார், மாத்தி மாட்டுங்க" என்பான். கேட்டவர் பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு போவார். ஒரு முறை ஷூ கொண்டுவந்த ஒருவரிடம், இது உங்களுடையது இல்லையே என்று கேட்டுவிட்டான். அண்ணனுடையதைச் சொல்லாமல் மாட்டிக்கொண்டு வந்திருந்த அந்த ஆள் அதோடு கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அன்றைக்குப் பக்கத்துச் சாவிக்கடைக்காரர் வைத்த பெயர்தான் பூதக்கண்ணாடி.

பெயருக்கேற்ற சுபாவம். பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு தடவை படிப்பான். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு நான்கு படி இறங்குவான், திரும்பி ஏறி இன்னொரு தடவை இழுப்பான். கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து நீ யார் என்று கேட்கிற மனுஷன் என்பாள் அவன் மனைவி. ஆனால் ஒன்று. ஊரார் செருப்பையெல்லாம் புரட்டியவன் தன் செருப்பைப் புரட்டியதே இல்லை. பிய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டிக்கொள்வான்.

மகள் பிறந்த பிறகு இந்தச் சுபாவத்துக்கு இரவு பகல் இரண்டு வேளையும் வேலை கிடைத்தது. குழந்தை தூங்கினால் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பான். அழுதால் எறும்பு கடித்ததோ என்று துணியை உதறுவான். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று கவலைப்படுவான். தோலை மயிரிழை பிசகாமல் வெட்டுகிற கை, அவள் நகத்தை வெட்டும்போது வியர்த்துக் கொட்டும். ஒரு நாளைக்கு இரண்டு விரல் என்று கணக்கு வைத்து, கடைசி விரலுக்கு வருவதற்குள் முதல் விரலில் நகம் மறுபடி வளர்ந்திருக்கும். ஏழாம் மாதம் அவன் கட்டைவிரலை அவள் நறுக்கென்று கடித்தபோதுதான் முதல் பல் வந்திருப்பது தெரிந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் அது. அதைச் சந்து முழுக்கத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனான்.

எட்டாம் மாதம் மனைவி அச்சகத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பைண்டிங் பகுதியில் அவள் இடத்துக்கு ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள். பகலில் குழந்தையை யார் பார்ப்பது? சந்தின் கடைசி வீட்டு அத்தை, மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், தன் வீட்டிலேயே இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக இவளையும் விடலாம் என்றாள் மனைவி. அவன் போய்ப் பேசினான். பேச்சைவிட அதிகமாக, வாசலில் கிடந்த அத்தையின் செருப்பைப் பார்த்தான். இரண்டும் சீராக, ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

அத்தை வீட்டுத் தரை சொரசொரப்பான சிமெண்டு, சில்லென்று இருக்கும். அதனால் பத்தாம் மாதம் மகளுக்கு ஒரு ஷூ தைத்தான். கைப்பை ஒன்றில் மிஞ்சிய சிவப்புத் தோலை மூன்று நாள் மதிய இடைவேளையில் வெட்டித் தைத்து, அடிக்குப் பூனைக்காது மாதிரி மெல்லிய தோல் வைத்தான். உள்ளங்கையில் ஒரு ஜோடி அடங்கும். நடக்கத்தான் இன்னும் காலம் இருந்தது. முட்டி போட்டே வீட்டை அளந்துகொண்டிருந்தாள். அதற்கும் மாலையில் வாய்ப்பில்லை. பகலெல்லாம் பிரிந்திருந்தவர்களுக்கு அவளைத் தரையில் விட மனசு வராது. ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாறியே தூங்கிப்போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கழற்றிய ஷூவைப் பழக்கதோஷத்தில் புரட்டினான். வலது ஷூவின் அடியில், பெருவிரல் பக்கம் தோல் மழமழவென்று தேய்ந்திருந்தது.

ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். முட்டி போடுகிற குழந்தைக்கு ஷூவின் மேல்பக்கம்தான் உரசும். அடி தேயாது. அடி தேய்ந்தால் நடந்திருக்க வேண்டும். அதுவும் வலது காலை உள்ளே திருப்பி, பெருவிரலை இழுத்து இழுத்து நடக்கிற யாரோ. அத்தை வீட்டில் நடக்கிற குழந்தை ஒன்று உண்டு, மெக்கானிக்கின் மகன். நம்ம குழந்தையின் ஷூ அவன் காலில் ஏறியிருக்கிறது என்றான் மனைவியிடம். ஏறினால் என்ன, தேய்ந்தா போய்விடும் என்றாள் அவள். தேய்ந்துதானே போயிருக்கிறது என்று அடியைக் காட்டினான். இன்றைக்கு ஷூ, நாளைக்குப் பால் புட்டி, மறுநாள் மருந்து. எது யார் வாய்க்குப் போகிறது என்று யார் கண்டது?

மறுநாள் காலை ஷூ அடிகளில் தையல்காரர் சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பினான். மாலையில் வலது கோடு பாதி இல்லை. அதற்கு அடுத்த நாள் குழந்தையை விடப் போனவன், மெக்கானிக் மகனைக் கொஞ்சுகிற சாக்கில் அவன் பாதத்தை விரலால் அளந்தான். ஷூவைவிட இரண்டு விரல் நீளம். நுழையவே நுழையாது. அத்தை வீட்டு இன்னொரு குழந்தை குப்புறக்கூட விழாதது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் விட்டிருப்பார்கள். பூதக்கண்ணாடிக்கு வேறொன்று தோன்றியது. அப்படியென்றால் அந்த வீட்டில் நமக்குச் சொல்லாமல் நாலாவதாக ஒரு குழந்தை இருக்கிறது.

அன்று இரவு அவன் இதைச் சொன்னதும் மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அத்தை வேண்டாம்னா நாளைக்கே அச்சகத்துல வேலைய விட்டுடறேன். ஆனா தேஞ்ச ஷூவ நம்பி விட மாட்டேன். கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே கடையைச் சாத்தினான். தீ பிடித்தாலும் ஆறு மணிக்கு முன்னால் சாத்தாதவன் சாத்தியதைச் சாவிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தை வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவன் மகளுக்கு வாழைப்பழம் மசித்து அத்தை ஊட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துப் பேச அவனுக்கு வராது.

"நாலாவது குழந்தை எது அத்தை?"

அத்தைக்குப் புரியவில்லை. அவன் ஷூவின் கதையை, சாக்பீஸ் கோடு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். அத்தை குழந்தையின் வாயை நிதானமாகத் துடைத்தாள். முகம் மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாதா தம்பி உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"சரி. அங்கேயே நில்லு. உள்ள வராத."

குழந்தைக்குச் சிவப்பு ஷூவை மாட்டினாள். சுவரோரமாக நிறுத்திக் கையை எடுத்தாள். மகள் வாசலில் நிற்கும் அப்பாவைப் பார்த்தாள். ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடினாள். பிறகு வந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு அடி. இரண்டு கையும் காற்றில். இடது கால் நேராக விழுந்தது. வலது கால் உள்ளே திரும்பி, பெருவிரலைத் தரையில் இழுத்தபடி வந்தது. எட்டாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்து, யார் யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"உன் நடைய நீ பாத்திருக்கியா?" என்றாள் அத்தை. "சந்து முனையில நீ திரும்பும்போதே எனக்குத் தெரியும். அந்தக் காலு காட்டிக் குடுத்துடும்."

அவன் வலது செருப்பைக் கழற்றினான். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் செருப்பைப் புரட்டிப் பார்த்தான். பெருவிரல் பக்கம் மழமழவென்று இருந்தது.

பதினோரு நாளாக நடக்கிறாள் என்று அத்தை சொன்னாள். முதல் அடியைத் தான் பார்த்தாலும் பெற்றவர்களிடம் சொல்வதில்லை. அவர்கள் பார்ப்பதுதான் முதல் அடி. வார்டில் இருந்த காலத்திலிருந்தே அது அவள் பழக்கம். அச்சகத்தில் பள்ளி நோட்டு அவசரம், போன ஞாயிறும் மனைவிக்கு வேலை வைத்துவிட்டார்கள், அன்றும் குழந்தை அத்தையிடம்தான். இந்த ஞாயிறுதான் விடுமுறை.

"அவளுக்குன்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். நீ வந்து கெடுத்த. நாலாவது குழந்தைய வேணும்னா கட்டிலுக்கு அடியில தேடிப் பாத்துக்கோ."

அவன் கண் அனிச்சையாகக் கட்டிலுக்கு அடியில் போய்வந்தது. அத்தை அதையும் பார்த்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. தேய்ந்த செருப்பு ஏதாவது இருந்தால் கொடுங்கள், தைத்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஒட்டுப் போட்டுச் சரிக்கட்ட இது செருப்பு இல்லை என்றாள் அத்தை. குழந்தையை இனிமேலும் சேர்த்துக்கொள்வதா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்கிறேன், அதுவரைக்கும் இது மனைவிக்குத் தெரியக் கூடாது, அவள் பார்க்கிறதுதான் முதலாக இருக்க வேண்டும் என்றாள்.

ஒளித்து வைப்பதைக் கண்டுபிடித்தே பழகியவனுக்கு ஒளிக்கத் தெரியவில்லை. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டதும், அத்தை மேல் தப்பில்லை என்றான். அப்போ ஷூ எப்படித் தேய்ந்தது என்றாள்.

"தோல் மட்டம். நான்தான் மட்டமான தோலப் போட்டுட்டேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மழையில் நனைந்து ஊறிப்போன செருப்புக்குக்கூடத் தன் தோலைக் குறை சொல்லாத ஆள். சனிக்கிழமை மாலை முழுக்க அவன் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. கை வலிக்கவில்லையா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான், வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே.

ஞாயிறு காலை மனைவி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். வழுக்கும் தரையில் ஓரமாகப் பாயை விரித்து, குழந்தைக்கு ஷூவை மாட்டி, எதிர்ச் சுவரோடு நிறுத்திவிட்டு விலகினான். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை புறப்பட்டுவிட்டது. மனைவியின் கை தானாக நீண்டது. மடியில் வந்து விழுந்தவளை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"குழந்தை நடக்கறப்ப நீங்க ஏன் என்னையே பாத்துட்டு இருந்தீங்க?"

"சும்மாதான்."

அவள் ஷூவின் அடியைப் பார்த்தாள். எழுந்து போய் வாசலில் கிடந்த அவன் செருப்பையும் புரட்டினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அன்று பகல் முழுக்க அவை அப்படியே கிடந்தன, அவன்தான் தாண்டித் தாண்டி நடந்தான்.

திங்கட்கிழமை மூன்று பேருமாகப் போனார்கள். அத்தை கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஞாயிறு எப்படிப் போச்சு என்று மனைவியிடம் கேட்டாள்.

"நடந்துட்டா அத்தை. நான்தான் முதல்ல பாத்தேன்" என்றாள் மனைவி. சொல்லும்போது கடைக்கண்ணால் அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து, இறுகியிருந்த ஷூ வாரை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டிருந்தான்.

அத்தை கட்டிய கையைப் பிரித்துக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

மனைவி பேருந்துக்கு ஓடினாள். அவன் நான்கு அடி போனவன் நின்றான். திரும்பி வந்து கதவை லேசாக இழுத்துப் பார்த்தான்.

"தாழ் போட்டுத்தான் இருக்கு தம்பி" என்றது உள்ளேயிருந்து குரல்.