கழன்று விழ வேண்டிய கையுறை

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். வாசலில் பால் பாக்கெட் இரண்டு. மோட்டார் போட்டு மேல்தொட்டி நிரம்ப இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வழக்கமாக இருபதுதான் ஆகும் என்பதால், வால்வைப் பார்க்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினேன். ஆறரை மணி ஆராதனைக்கு நானும் மனைவியும் போய் வந்தோம். எட்டே காலுக்கு இட்லி. பிறகு அளவு நாடா, ஒரு புது அலுமினியத் தட்டு, முந்தின வாரம் நான் வெட்டி வைத்திருந்த இரண்டு ஸ்பாஞ்ச் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்பது இருபதுக்கு, என்னோடு ஸ்டோரில் வேலை செய்யும் பெண் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தோளில் பெரிய பை, கையில் துணி சுற்றிய ஹாக்கி மட்டை.

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர் பொறுப்பாளர். கையுறை, பாதுகாப்புக் காலணி, காதடைப்பான் எல்லாம் பத்தொன்பது வருடமாக என் கவுன்டரில்தான் கொடுக்கப்படுகின்றன. அவள் வடக்குப்பட்டுப் பெண். வயது இருபத்து நான்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து சக்கரச் சறுக்கில் ஹாக்கி ஆடியவள், மூன்று வருடமாக ஐஸ் ஹாக்கியும் ஆடுகிறாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஐஸ் தளம் கிடையாது. படப்பையில் ஒரு சிமெண்டுத் தரையில் சக்கரத்தில் பயிற்சி எடுத்துவிட்டு, வருடத்துக்குச் சில நாள் வடக்கே போய் நிஜ ஐஸில் ஆடிவிட்டு வருவாள்.

மார்ச் மாதம் வரை அவள் உற்பத்தி லைனில் இருந்தாள். மார்ச்சில் ஒரு நாள், கன்வேயரின் உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இடது கையுறையின் நுனி சிக்கியது. மோதிர விரலின் நுனியும் சுண்டு விரலின் நுனியும் மேல் கணுவோடு போய்விட்டன. ஜூனிலிருந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் என்ட்ரி போடுகிறாள்.

அன்று அவளுக்குக் கையுறை கொடுத்தவன் நான். அவள் கைக்கு ஏழாம் அளவு வேண்டும். ஏழு தீர்ந்துபோயிருந்தது, ஒன்பதைக் கொடுத்தேன். ஏழு தீரும்போதெல்லாம் அப்படித்தான் செய்வோம். ஒன்பதாம் அளவு பெண்களின் கையில் நிற்காமல் வழுக்கும், அதனால் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பேண்டும் சேர்த்துக் கொடுப்பேன். அதற்காகவே கவுன்டரில் ஒரு டப்பா வைத்திருந்தேன். வாங்கும் பெண்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். விசாரணை அறிக்கையில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். ரப்பர் பேண்டைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டப்பாவை மட்டும் அன்று மாலையே இழுப்பறையின் அடியில் போட்டுப் பூட்டினேன்.

பத்து நாளுக்கு முன் கவுன்டரில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவள் கேட்டாள். "சார், கிளவுஸ்னா நீங்கதான ஆளு. எனக்கு ஒண்ணு சரி பண்ணிக் குடுங்க சார்."

நவம்பர் 18, திங்கட்கிழமை இரவு அவளுக்கு ரயில். வடக்கே பெண்கள் அணிக்குத் தேர்வு முகாம். விபத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. பயிற்சியாளர் போனில் கறாராகச் சொல்லிவிட்டாராம்: இடது கை ஒன்றால் மட்டையின் மேல்முனையைப் பிடிக்க வேண்டும், மட்டை கைக்குள் சுழலக் கூடாது, சுழன்றால் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று. அந்தப் பிடிக்கு வேண்டியவை சுண்டு விரலும் மோதிர விரலும்தான். அவை இரண்டும்தான் அவளிடம் குறைகின்றன.

முதலில் சறுக்குக் காலணியைக் கவனித்தோம். வேறு ஒரு ஆட்டக்காரியிடம் பழையதாக வாங்கியது. பாதுகாப்புக் காலணிக்குச் செய்வதுபோல முனையை அழுத்திப் பார்த்தேன். இடமே இல்லை.

"சின்னதா இருக்கேம்மா. ஒரு கட்டை விரல் இடம் வேணாமா?"

"அது நம்ம கம்பெனி ஷூவுக்கு சார். இதுல கால் உள்ள நவுந்துச்சின்னா வெட்டித் திரும்பவே முடியாது. செருப்பு ஆறுன்னா இது நாலரைதான்."

நாங்கள் எல்லோரும் எதையும் ஒரு அளவு கூட்டியே வாங்கிப் பழகியவர்கள். குறைத்து வாங்கும் கணக்கு எனக்குப் புதிது. குறித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் காலணி முந்தையவளின் கணுக்காலுக்கு ஏற்றபடி படிந்திருந்தது. எண்பது டிகிரி சூட்டில் சில நிமிடம் வைத்து, சூடு ஆறும்வரை காலில் கட்டி உட்கார்ந்தால் இவள் காலுக்குப் படியும். எங்கள் வீட்டில் கேக் சுடும் மின்னடுப்பு கிடையாது. படப்பை மெயின் ரோட்டில் எனக்குத் தெரிந்த பேக்கரிக்காரரிடம் காலை பன் எடுத்து முடிந்ததும் வருவதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

பையைத் திறந்ததும் அவர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னாண்ணே, ஏதோ கேக்குனு நெனச்சேன். ஷூவா? இது வெளிய தெரிஞ்சா என் பன்ன எவன் வாங்குவான்?"

"புதுத் தட்டு கொண்டாந்திருக்கேன். உன் தட்டுல வைக்கமாட்டேன்."

"உப்பிப் போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

"உப்பட்டும்ணா, கணுக்கால் எலும்பு இடிக்கிற எடத்துல உப்பினா நல்லதுதான்" என்றாள் அவள்.

சூடு எண்பத்து நான்கு காட்டியது. அணைத்துவிட்டு, எண்பதுக்கு இறங்கும்வரை காத்திருந்து, தட்டில் அட்டை விரித்து ஒன்றை உள்ளே வைத்தேன். ஆறு நிமிடம். எடுத்து அவள் போட்டுக்கொண்டதும் அடுத்தது. கயிற்றைக் கட்ட நான் குனிந்தேன்.

"வேணாம் சார். அங்க யாரு வந்து கட்டுவாங்க?"

சிறிய இரும்புக் கொக்கி ஒன்று வைத்திருந்தாள். இடது கையின் மூன்று விரலால் அதைப் பிடித்து, கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துக் கட்டினாள். இரண்டு காலுக்கும் பதினோரு நிமிடம் ஆயிற்று. பிறகு எழுந்திருக்காமல் முட்டியை மடக்கி, குதிகாலைப் பின்னால் அழுத்தி, மைதா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். ரொட்டி வாங்க வந்த ஒரு அம்மா அடியிலிருந்த இரும்புப் பட்டையையே பார்த்தார்.

"இன்னாம்மா, செருப்புல கத்தி வச்சிகினு கீற?"

"ஐஸ் மேல ஓடறதுக்குக்கா."

"இங்க ஐஸ் எங்க கீது?"

"அதத் தேடிகினுதான் போறேன்."

கால் மணி நேரம் கழிந்து எழுந்து நின்றாள். நின்றால் கட்டை விரல் லேசாக உரசுகிறது, முட்டியை மடக்கினால் உரசவில்லை, குதிகால் அசையவில்லை. மூன்றும் சரி என்றாள். இனி மறுநாள் வரை போடக் கூடாது. பேக்கரிக்காரர் ஆளுக்கு ஒரு பன்னும் டீயும் கொடுத்தார். காலணிக்கு நாங்கள் வைத்திருந்த தட்டை இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அதை என்னிடம் திருப்பித் தந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு ஒரகடம் சாலையில் கார் சீட் கவர் தைக்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி ஓட்டுபவர்கள் வருவார்கள் என்று கடையைத் திறந்துதான் வைப்பார். கெட்டியான தோலைத் தைக்கும் மெஷின் அவரிடம்தான் இருந்தது.

அவளுடைய பழைய ஹாக்கிக் கையுறை அது, பதின்மூன்று அங்குலம். கையின் மேல்பக்கம் தடித்த ஸ்பாஞ்ச் உருளைகள், உள்ளங்கையில் மெல்லிய தோல். அவள் இடது கையை உள்ளே விட்டதும் இரண்டு விரல்களின் நுனி காலியாகத் தொங்கியது. ஏழாம் அளவுக் கையில் ஒன்பதைப் போட்டாலும் நுனிகள் அப்படித்தான் தொங்கும். பத்தொன்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

நான் வெட்டி வந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்தேன். மோதிர விரலுக்கு இருபத்து நான்கு மில்லிமீட்டர், சுண்டு விரலுக்கு இருபத்தொன்று. வலது கை விரலை அளந்து கழித்துக் கணக்கிட்டது. அவள் மட்டையின் மேல்முனையை ஒற்றைக் கையால் பிடித்தாள். கடைக்காரர் மறுமுனையைப் பிடித்துத் திருகினார். மட்டை கால் சுற்று சுழன்றது.

"வலிக்குதாம்மா?"

"இல்ல சார்." மறுபடி பிடித்துப் பார்த்துவிட்டு, "தழும்புல குத்துது" என்றாள்.

நீட்டிய விரலுக்கு அளந்திருந்தேன். மட்டையைப் பிடிக்கும்போது விரல் மடங்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. துண்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சார்வாள், காலியா கெடக்க எடத்த நீங்க அடைக்கப் பாக்கீங்க" என்றார் கடைக்காரர். "சீட்டுக் கவர் தொளதொளன்னு இருந்தா நாங்க பஞ்சையா திணிக்கோம்? பிடிச்சுல்லா தைக்கோம். தங்கச்சி, வெட்டிரட்டுமா?"

"வெட்டுங்கண்ணா. நுனியில மட்டும் ஒரு அடுக்கு ஸ்பாஞ்ச் இருக்கட்டும். பக்கு வந்து பட்டுச்சின்னா மிச்ச வெரலும் காலி."

பக்கு என்பது கெட்டி ரப்பர் வட்டு. பந்துக்குப் பதில் அதைத்தான் அடிப்பார்கள். கடைக்காரர் இரண்டு விரல்களின் தையலையும் பிரித்து, நுனி உருளைகளை வெட்டி எறிந்து, விரலை மடக்கச் சொல்லிச் சாக்பீஸில் கோடு போட்டார். உள்பக்கத்துக்கு ஸ்டீயரிங் உறைக்கு வைக்கும் துளையிட்ட தோலை எடுத்தார். இரண்டு முறை தைத்துப் பிரித்து, மூன்றாவது முறை அவள் தலையாட்டினாள். மறுபடி மட்டையைப் பிடித்தாள். அவர் திருகினார், பல்லைக் கடித்துத் திருகினார். நகரவில்லை.

"ஆத்தாடி! இது பிடியில்ல, நட்டு போல்ட்டு!"

அவள் சிரித்தாள். பிறகு மட்டையை வீசிப் பார்த்தாள். வீசும்போது கையுறை முன்பக்கமாகக் கொஞ்சம் நழுவியது. எனக்கு வழி உடனே தோன்றிவிட்டது.

"மணிக்கட்டுல ஒரு வெல்க்ரோ பட்டை வச்சிடலாம். நழுவாது."

கடைக்காரர் கறுப்புப் பட்டையை எடுத்து நீளம் பார்க்க நீட்டினார். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பட்டை வேணாம்."

"லேசாத்தாம்மா…"

"வேணாம் சார். கட்டாதீங்க." கையை உதறினாள். கையுறை கழன்று தரையில் விழுந்தது. "இப்டி வுழணும். எங்கயாவது மாட்டுச்சின்னா உதறுனதும் வுழணும்."

கடைக்காரர் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் கையுறையை எடுத்துத் தூசி தட்டினேன். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு அந்த ரப்பர் பேண்ட நான்தாம்மா குடுத்தேன். அது இல்லேன்னா கிளவுஸ் மட்டும் போயிருக்கும். கை வந்திருக்கும்."

"தெரியும் சார்."

"விசாரணையில நான் அதைச் சொல்லல."

"அதுவும் தெரியும். அந்த ரிப்போர்ட்ட ஸ்கேன் பண்ணி ஏத்துனதே நான்தான?" கோபமாகச் சொல்லவில்லை. "நானும் எத்தினி பேருக்கு மாட்டி வுட்டுருக்கேன் தெரியுமா சார்? புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு, நல்லா டைட்டா போடுடின்னு ரெண்டு சுத்து சுத்தி வுடுவேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முடிக்கவில்லை.

"இப்பவும் ஒம்போதுதான சார் குடுத்துகினு கீறோம். வெள்ளிக்கிழமை பதினோரு பொண்ணுங்களுக்கு. நான்தான் என்ட்ரி போட்டேன். டப்பாவ நீங்க பூட்டிட்டீங்க. அதுங்க வூட்லேர்ந்து கீரக்கட்டு ரப்பர் பேண்ட எடுத்தாறதுங்க."

எனக்குத் தெரியாத செய்தி இல்லை. கவுன்டரில் நீளும் மணிக்கட்டுகளை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டப்பாவைப் பூட்டியதோடு என் பங்கு முடிந்தது என்று எட்டு மாதம் இருந்துவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணா, உள்ள மேல்பக்கத்து லைனிங்க சேத்துப் பிடிச்சிக் குடுங்க. கை உள்ள நிக்கட்டும். மணிக்கட்டு தொறந்தே இருக்கட்டும்."

"அப்படிச் சொல்லு தங்கச்சி. பட்டைய விட அது சுளுவு" என்று அவர் மெஷினில் உட்கார்ந்தார்.

தைத்து வந்ததும் மட்டையை இருபது முறை வீசினாள். நான் எண்ணினேன். கையுறை நழுவவில்லை, மட்டை சுழலவில்லை. பிறகு மூன்று முறை உதறினாள். மூன்று முறையும் விழுந்தது. மூன்றாவது முறை அதைத் தரையிலிருந்து எடுத்தபோது கடைக்காரர் கைதட்டினார்.

இரண்டு பத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"சுழலல சார், பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. நல்லபடியா போயிட்டு வா."

மாலையில் வால்வைப் பிரித்து, மண் அடைத்திருந்ததைச் சுத்தம் செய்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மார்ச்சில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. அவள் தையல் பிரிந்த என் துணிப்பையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திங்கள், ஐந்து நாற்பதுக்கு ஸ்டோரைத் திறந்தேன். ஏழாம் அளவுத் தட்டு காலி. விளக்கைப் போட்டதும் முதல் வேலையாக அறிவிப்புப் பலகையைத் துடைத்து எழுதினேன்: '7 இருப்பு இல்லை. 7 அளவுக் கைக்கு 9 கொடுக்கப்படாது.' கையெழுத்தும் நேரமும் போட்டேன். ஐந்து ஐம்பத்து நான்குக்கு முதல் ஷிஃப்டின் முதல் பெண் வந்தாள். மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் தயாராக இருந்தது. பலகையை இரண்டு முறை படித்தாள்.

"அப்போ நான் இன்னா சார் பண்றது? லைன் நின்னா சூப்பர்வைசர் கத்துவாரே."

"என்னைக் கேக்கச் சொல்லும்மா. அதுவரைக்கும் உக்காரு."

ரயிலுக்குப் போகிறவள் விடுப்பு எடுத்திருந்ததால் பக்கத்து நாற்காலி அன்று காலியாக இருந்தது. அதை வந்த பெண்ணுக்கு இழுத்துப் போட்டேன்.