காலை எட்டு மணிப் பட்டியல்

புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பதிவு முழுக்க என் பொறுப்பு. எந்த குரூப்புக்கு யார் யார் என்று கேட்டால், எல்லாப் பதிவையும் துழாவிப் பதில் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நர்சுகள் முணுமுணுத்தார்கள். நான் என்ன செய்தேன், தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே தடவை தேடி, அந்தப் பதிலைத் தனியாகச் சேமித்து வைத்தேன். அப்புறம் யார் கேட்டாலும் அந்தப் பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். டாக்டரே பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பகலில் சேர்கிறவர்கள் மறுநாள்தான் அதில் தெரிவார்கள் என்பது தெரியும். ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம், திருவரங்குளம் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். ஊரில் எங்கும் கையிருப்பு இல்லை. திருச்சியிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியிருந்தது. என் பட்டியலில் மூன்று பேர். ஒருவர் சிங்கப்பூரில். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்றாமவர் போனை எடுக்கவில்லை, நானும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வண்டி கீரனூர் தாண்டிவிட்டது என்று தகவல் வந்தபோது அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலைப் பட்டியலில் நான்கு பேர் இருந்தார்கள். நான்காமவர் ஒரு வாத்தியார். அப்பாவின் திதிக்காக, முந்தின நாள் காலை பத்து மணிக்கு எங்கள் வரவேற்பிலேயே பெயர் கொடுத்திருக்கிறார். வீடு அடுத்த தெரு. டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"அவர் வந்திருந்தாலும் பிழைச்சிருக்கும்னு சொல்ல முடியாதும்மா" என்றார். பிழைத்திருக்காது என்றும் அவர் சொல்லவில்லை.

அன்றே மாற்றி எழுதினேன். புதுப் பெயர் பதிவாகும்போதே அந்த ஒரு பெயர் மட்டும் அதற்குரிய பட்டியலில் போய்ச் சேர்ந்துகொள்ளும். மற்றதைத் துழாவ வேண்டியதில்லை. மொத்தம் பத்து வரிகூட இல்லை. அதற்குத்தான் அத்தனை நாள் சோம்பல்பட்டிருக்கிறேன்.

காரியம் முடிந்து, சான்றிதழ் வாங்க அவள் புருஷன் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அன்னைக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தது நீங்கதானே தங்கச்சி? ஒருத்தர் விடாமப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேண்ணே."

"அது போதுங்க. ஒங்களால ஆனதச் செஞ்சீங்க" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.