அறுபதாம் நம்பர் சாவித்ரி

சாவித்ரி வேதாசலத்தின் குரலை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்படிப் பார்க்கவிடாமல் செய்த ஒருவனைப் பற்றியும் இதில் வரும். அவனுக்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம், நான் படவில்லை.

காட்பாடிக்காரி. கல்யாணமாகி புனே பக்கத்துத் தேஹு ரோடு வந்தவள். ராணுவ டெப்போவில் வேலை பார்த்த புருஷன் நாற்பது வயதுக்குள் மாரடைப்பில் போய்விட, அந்த வேலை இவளுக்கு வந்தது. ஸ்டோர் செக்‌ஷனில் அவள் மேஜைக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. என் பெயர் ஜோசபின். முதல் வாரத்திலேயே அங்கிருந்த ஆண்கள் இவளுக்கு மராத்தி தெரியாது என்று காதுபடக் கேலி செய்தார்கள். ஆறு மாதம் பொறுத்தாள். ஏழாவது மாதம் அதே மராத்தியில் அவர்களில் ஒருவனைக் கிழித்த கிழியில், அவன் வேறு செக்‌ஷனுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தான். பிள்ளை குட்டி இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் பட்டுவின் மகன் அபினவ் பள்ளி விட்டு வந்ததும் இவள் வீட்டில்தான் சாப்பிடுவான். பட்டுவுக்கு அப்போது இரண்டாவது ஷிப்ட்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் வருடா வருடம் பொங்கல் சாப்பாடு முடிந்ததும் ஹவுசி ஆட்டம் நடக்கும். ஒருவர் பையிலிருந்து வில்லையை எடுத்து நம்பரைக் கூவ, மற்றவர்கள் தங்கள் சீட்டில் அந்த நம்பரை அடித்துக்கொண்டே வர வேண்டும். இருபத்தெட்டு வருடம் கூவியது சாவித்ரிதான். வெறும் நம்பர் அவள் வாயில் வராது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் இருக்கும். அறுபது வந்தால் மண்டபமே காத்திருக்கும், ஏனென்றால் அறுபதில்தான் டெப்போக்காரர்களுக்கு ரிட்டயர்மென்ட். "ஆறும் சைபரும் அறுபது! பையத் தூக்கு, வூட்டுக்குப் போ!" என்று இழுத்து அடிப்பாள். ஐம்பத்தொன்பது வயது ஆசாமிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஆட்டத்தில் கண்டிப்பு அதிகம். சீட்டில் வரிசை முடிந்தவர் அடுத்த நம்பர் வருவதற்குள் கத்திச் சொல்ல வேண்டும். அடுத்த நம்பர் வந்துவிட்டால் போனது போனதுதான். பெரிய ஆபீசரின் மனைவி ஒருமுறை கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "தூங்கிகினு இருந்தா நான் இன்னா பண்றது மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வில்லையை எடுத்தாள் சாவித்ரி.

மூன்று வருடத்துக்கு முந்தைய பொங்கலில் அபினவ் தன் போனில் அவளைப் பதிவு செய்துகொண்டு போனான். பையன் ஆசையாக எடுக்கிறான் என்று நினைத்தோம். அப்போது அவன் மகர்பட்டாவில் ஒரு கம்பெனி வேலையை விட்டுவிட்டு டிஜே ஆகியிருந்தான். டிஜே போடுகிற பாட்டுக்குக் கூட்டமாக ஆடுகிற இந்த விழாக்கள் புனேயில் எப்படி முளைத்தன என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஹைவேக்கு அந்தப் பக்கம் கரும்பு நின்ற நிலத்தில் முதலில் இரண்டாயிரம் பேர் வந்து குதித்தார்கள். இப்போது குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமைகூடச் சும்மா போவதில்லை. சாகண் தொழிற்சாலை எஞ்சினியர்கள் ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் பிடித்து வருகிறார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டையைக் கழற்ற மறந்து ஆடுகிற பெண்களை நானே பார்த்தேன். தும் தும் என்று அடித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் எல்லாச் சத்தமும் நிற்கும். கூட்டம் மூச்சைப் பிடித்து நிற்க, அப்புறம் இடி மாதிரி ஒன்று இறங்கும். அதற்கு டிராப் என்று பெயராம்.

அந்த நிசப்தத்தில்தான் அபினவ் சாவித்ரியின் அறுபதாம் நம்பரை வைத்திருந்தான். "பையத் தூக்கு, வூட்டுக்குப் போ!" என்று அவள் கூவியதும் டிராப். இருபது வயதுப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் கூடவே கத்திக்கொண்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். கல்லூரி விழா, பஸ், ஜிம் என்று ஊரெல்லாம் அதுதான்.

பிறகு ஒரு யூடியூப் பேட்டி வந்தது. தென்னாட்டில் ஒரு கிராமத்துக் கோயிலில், பெயர் தெரியாத ஒரு கிழவி மழைக்காகச் சொன்ன பழைய மந்திரம் என்றான் அபினவ். அவள் இப்போது உயிரோடு இருக்கிறாளோ என்னவோ என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேறு சொன்னான். பத்து வருடம் அவள் கையால் ரசஞ்சோறு தின்றவன்.

பட்டு அதைப் பெருமையாகச் சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். குழுவில் பாதிப் பேருக்கு அது யார் குரல் என்று தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, பூங்கொத்துப் படம் போட்டு வாழ்த்தினார்கள். நானும் போட்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. சாவித்ரி பேட்டியை மூன்று தடவை பார்த்தாள்.

"உசுரோட கீறேனான்னு தெரியாதாமே ஜோசி. பக்கத்து வூடு."

அழுவாள் என்று நினைத்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

இந்த ஜனவரியில் அபினவே வந்தான், ஒரு கிலோ மாம்பழ பர்பியோடு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்தப் பாட்டை உலகம் முழுக்க வெளியிடப் போகிறதாம். குரல் கொடுத்தவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் முடியாது என்கிறார்களாம்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு சைன். அவ்ளோதான்."

"போடறேன். மேடையில வச்சுப் போடறேன். எம் பேரச் சொல்லி, இது இவங்க குரல்னு நீ மைக்ல சொல்லணும். சொன்னா அங்கியே போடறேன்."

அவன் கண் மின்னியது. அதே கிழவியை மேடையில் நிறுத்தினால் கூட்டம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பான். பட்டென்று தலையாட்டினான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வெயில் தாழ்கிற நேரம். துணைக்கு நான் போனேன். மேடைக்குப் பின்னால் ஒரு பெண் சாவித்ரியின் செருப்பையும் கண்ணாடியையும் கழற்றச் சொன்னாள். நெற்றி நிறைய விபூதி பூசி, கழுத்தில் உருத்திராட்சம் மாட்டினாள். பாலியெஸ்டர் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக டெப்போவை நடுங்கவைத்தவளைக் குறி சொல்கிறவளாக்கி நிறுத்தினார்கள். கண்ணாடியை நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மன்னிக்கச் சொல்கிற மதம் என்னுடையது. அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"சொல்லிடுவான் ஜோசி. நம்ம வூட்ல வளந்தவன்தான" என்றாள் சாவித்ரி. அதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. கோபத்தின் அடியில் இன்னும் ஒரு நம்பிக்கையை வைத்திருந்தாள்.

முப்பதாயிரம் பேர். அபினவ் மைக்கை எடுத்து ஆங்கிலத்தில் கத்தினான். உங்களுக்காகக் கிராமம் கிராமமாகத் தேடி இந்த அம்மாவைக் கண்டுபிடித்தேன் என்றான். இவளுக்குப் பெயர் கிடையாது, ஊர் இவளை அம்மா என்று மட்டுமே கூப்பிடுகிறது என்றான். கூட்டம் அலறியது. சாவித்ரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் கையில் இன்னொரு மைக்கைத் திணித்து, கூவும்படி சாடை காட்டினான். அவளுடைய மராத்தியைக் கேட்டே வளர்ந்தவன்தான். தான் விட்ட கதையைத் தானே நம்பத் தொடங்கியதில், கூட்டத்துக்குப் புரிகிற மொழி இவளுக்குத் தெரியும் என்பதே மறந்துபோயிருக்க வேண்டும்.

மராத்தியில் ஆரம்பித்தாள். "எனக்குப் பெயர் உண்டு. சாவித்ரி வேதாசலம். தேஹு ரோடு டெப்போவில் ரிட்டயர் ஆனவள். இங்கேயிருந்து ஒரு மணி நேரம். தேட வேண்டாம், ஷேர் ஆட்டோ வரும்."

முன்வரிசை சிரித்தது. அபினவ் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தான். உதறினாள்.

"நீங்கள் கத்துவது மந்திரம் இல்லை. ஹவுசி நம்பர். அறுபது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அர்த்தம். என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த இவனுக்கு அது தெரியும், என் பெயரும் தெரியும். தெரியாது என்று உங்கள் எல்லோரிடமும் பொய் சொன்னான்."

பெரிய திரையில் அபினவின் முகம் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. ஈயாடவில்லை. பாட்டைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஏதோ பொத்தானைத் தட்டினான். வந்ததும் அவள் குரல்தான். கூட்டம் விரலை அவன் பக்கம் நீட்டிக் கூடவே கத்தியது, இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து. அவன் சத்தத்தை நிறுத்தினான். அவர்கள் நிறுத்தவில்லை. முப்பதாயிரம் பேர் சேர்ந்து ஒருவனை வீட்டுக்குப் போகச் சொல்வதை நான் அன்றுதான் கேட்டேன். கேட்க நன்றாக இருந்தது. அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கமாக இறங்கிப் போனான்.

கையெழுத்து போடவில்லை. கம்பெனி விலகிக்கொண்டது. பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள், அவள் குரலும் அதோடு போனது. வருத்தமா என்று கேட்டேன். "எடுத்ததத் திருப்பி வச்சான், அவ்ளோதான்" என்றாள்.

பத்து நாள் கழித்து, சாமான் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் எதிரே ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தோம். பட்டு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"புள்ள ரூமை வுட்டு வெளிய வர்றதில்ல சாவி. அவனைத் திட்டாத. உம் பேரப் போடறேன்னுதான் மொதல்ல சொன்னான். நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"உம் பேரு வந்தா சங்கத்துல அல்லாரும் சாவித்ரி பாட்டுன்னுதான் சொல்லுவாங்க. எம் புள்ள பாட்டுன்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. எப்பவும் உன்னத்தான பேசறாங்க, சின்ன வயசுல அவனும் உன்னத்தான் அம்மான்னு கூப்புட்டுகினு இருந்தான்."

சாவித்ரி மடியிலிருந்த பையைப் பிடித்தபடியே இருந்தாள். மேடையில்கூட அவள் முகம் அப்படி ஆகவில்லை.

"அப்போ தப்பான ஆளத் தொரத்திட்டேன்" என்றாள்.

பட்டு அழுதுகொண்டே ஒரு காலை ஆட்டோவில் வைத்தாள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது, டிரைவரும் அந்த ஒரு சவாரிக்காகத்தான் காத்திருந்தான். சாவித்ரி நகரவில்லை. அந்தக் காலி இடத்துக்கும் காசை நானே தருகிறேன், வண்டியை எடு என்று மராத்தியில் அவனிடம் சொன்னாள். பட்டு காலை எடுத்துக்கொண்டாள், ஆட்டோ கிளம்பியது.